ஏற்காட்டில் பிரஷர் பார்த்த பெண்ணுக்கு அலபாமாவில் என்ன வேலை?

நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சேர்வராயன் மலைக் கிராமங்களில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் ரத்த அழுத்தம் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் முடித்தவர். இப்போது அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி, கிடைத்திருக்கிறது. கறுப்பின மக்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் ஏன் அதிகம் என்று பார்க்கிற குழு. "அந்த மக்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே அக்கா, நான் வந்து என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? வீட்டுக்காரரும் வேலையை விட்டுவிட்டு வரணும். சம்பளம் கட்டுபடியாகுமா?" என்று கேட்கிறார்.

கண்ணு, நான் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். நீ வரப்போகிற இதே ஊரில், இதே துறையில் நெடுநாளாக இருக்கிறேன். உன் முதல் கேள்வியிலேயே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இங்கே ரிகார்ட்ஸ் என்று ஒரு பெரிய ஆய்வு, பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து நடப்பது. 2003 முதல் 2007 வரை 45 வயதைத் தாண்டிய 30,239 பேரைச் சேர்த்தார்கள். முதலில் போனில் பேசி, அப்புறம் வீட்டுக்கே ஆள் அனுப்பி பிபி பார்த்து, ரத்தம் எடுத்து, ஈசிஜி எடுத்தார்கள். அதில் வந்த ஒரு விஷயம் என்னை இன்றுவரை விடவில்லை. தனக்குப் பிரஷர் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதிலும், அதற்கு மாத்திரை போடுவதிலும் வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர்களே மேல். ஆனாலும் பிரஷர் கட்டுக்குள் இருப்பது அவர்களிடம்தான் குறைவு. 2013இல் இன்னொரு கணக்கும் வந்தது. பிரஷரின் மேல் எண் 10 புள்ளி ஏறினால் வெள்ளையர்களுக்குப் பக்கவாத அபாயம் 8 சதவீதம் கூடுகிறது, கறுப்பினத்தவர்களுக்கு 24 சதவீதம்.

இதைப் பார்த்ததும் 'அவர்கள் உடம்புவாகு அப்படி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அப்படித்தான் நகர்ந்தார்கள். இதய நோய் அபாயத்தைக் கணக்கிட 2013இல் வந்த சூத்திரம் இனத்தைக் கேட்டுத்தான் கணக்கே போடும். 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் கொண்டுவந்த புதிய சூத்திரத்தில் இனம் என்ற கட்டமே இல்லை. இந்தப் பத்து வருடத்தில் துறை நகர்ந்த தூரம் அது. நீ வருவது இந்தத் திருப்பத்துக்குப் பிறகு. இனத்தைக் காரணமாக எழுதிவிட்டு ஓய்ந்துபோகாமல், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டுகிற ஆட்கள்தான் இப்போது தேவை.

அதைத் தோண்ட உனக்கு ஏற்கெனவே தெரியும். மலைமேல் ஒரு தோட்டத் தொழிலாளி ஏன் அடுத்த மாதம் பரிசோதனைக்கு வரவில்லை என்று கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனவள் நீ. பஸ் நேரம், அன்றைய கூலி போய்விடும் என்ற கவலை, மாத்திரை தீர்ந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இதெல்லாம் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்கிற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே இருந்ததெல்லாம் கத்தியால் சரிபாதியாக நறுக்கிய பிரஷர் மாத்திரை. 'இப்படிப் போட்டால் ஒரு மாதத்து மருந்து இரண்டு மாதம் வரும்' என்றார். ஆய்வுப் படிவத்தில் 'மருந்து எடுக்கிறாரா?' என்ற கேள்விக்கு அவர் பதில் 'ஆம்'தான். அந்தப் பாதி மாத்திரை எந்தக் கட்டத்திலும் ஏறாது. நீ எழுத வேண்டியது அதைத்தான்.

உனக்கு இங்கே அதிர்ச்சி தரப்போவதும் இதுதான் என்று நினைக்கிறேன். நம்மூரில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகிறது. அலபாமாவோ ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டை இன்னும் விரிவாக்காத மாநிலங்களில் ஒன்று. குறைந்த கூலிக்கு உழைத்துக்கொண்டே காப்பீடு இல்லாமல் இருக்கிறவர்கள் இங்கே நிறைய. அதனால் பணக்கார நாடு, எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்ற எண்ணத்தோடு வராதே.

ரத்தம் எடுக்க ஊசியோடு யார் வீட்டுக்கும் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் படித்துவிடு. பர்மிங்காமிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் டஸ்கீகி வந்துவிடும். 1932இல் தொடங்கி 1972 வரை, அரசின் பொது சுகாதாரத் துறையே மேகப்புண் (சிபிலிஸ்) நோய் உள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் ஆய்வுக்குக் கையெழுத்துப் போடுகிற வயதில் இருக்கிறார்கள். ஒருவர் கதவைத் திறக்கத் தயங்கினால் 'படிப்பறிவு இல்லை' என்று எழுதுகிற ஆராய்ச்சியாளரோடு சேராதே. தயங்குவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

நம்பிக்கை தருகிற வேலையும் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 52 சலூன்களில், பிரஷர் அதிகமாக இருந்த 319 கறுப்பின ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்து 2018இல் வெளிவந்தது. சில கடைகளில் மருந்தாளுநரே சலூனுக்கு வந்து பிபி பார்த்து மருந்து கொடுத்தார். மற்ற கடைகளில் முடி வெட்டுகிறவர் டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் எண் 27 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 9 தான். மருந்து ஒன்றும் புதிதில்லை. அது கிடைத்த இடமும் கொடுத்த ஆளும்தான் மாறினார்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் இப்படி ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. உன்னைப் போல ஒருத்தி வந்தால் நடக்கும்.

சரி, குடும்ப விஷயம். வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கான ஜே-1 விசாவில் நீ வந்தால் உன் வீட்டுக்காரர் துணைவருக்கான ஜே-2வில் வந்து, விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டு வேலை பார்க்கலாம். அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை ஒரே சம்பளம்தான். போஸ்ட்டாக் சம்பளத்தில் இரண்டு பேர் இருக்கலாம், மிச்சம் பிடிக்க முடியாது. பெரிய நகரங்களை நினைத்தால் இங்கே வாடகை பரவாயில்லை. ஆனால் பஸ் வசதி குறைவு, கார் இல்லாமல் முடியாது, அதனால் ஊரிலேயே நன்றாக ஓட்டிப் பழகிக்கொண்டு வா. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவில் ஓட்டினவளுக்கு இந்த ரோடெல்லாம் ஒன்றுமே இல்லை. கோடை மட்டும் புழுக்கம், மலைக்காரி உனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். நம் கோயில் பக்கத்து ஊரான பெல்ஹாமில் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் வெட்கப்படாமல் கேட்டுவிடு. 2025இல் இந்த ஏற்றத்தாழ்வு ஆய்வுகளுக்கான மத்திய அரசு மானியங்கள் பல நடுவிலேயே நிறுத்தப்பட்டன. நல்ல குழுக்களும் ஆட்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. உன் சம்பளம் எந்த மானியத்தில், எந்த வருடம் வரை, அது நின்றால் மாற்று உண்டா என்று உன் வழிகாட்டியிடம் எழுத்தில் வாங்கு. அரசின் எஃப்32 என்ற போஸ்ட்டாக் உதவித்தொகை குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டும். போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த ஆய்வுக்குழு தொடங்க உதவும் கே99 என்ற அரசு மானியத்துக்கும் அமெரிக்க இதயச் சங்கத்தின் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கும் நம்மைப் போல விசாவில் இருப்பவர்களும் விண்ணப்பம் போடலாம். கே99க்குப் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால், வந்த முதல் வருடத்திலேயே அதற்கான தலைப்பைப் பேச ஆரம்பி.

ஜே-1 விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் டிஎஸ்-2019 தாள் வந்ததும், இரண்டு வருடம் ஊர் திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உனக்கு உண்டா என்று பல்கலைக்கழக விசா அலுவலகத்தில் கேள். இந்தப் பயணத்துக்கென்றே அரசு தரும் பணத்தில் வந்தால் அது ஒட்டிக்கொள்ளும், பின்னால் ஹெச்-1பி வேலை விசாவுக்கு மாறும்போது இடிக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளையும் வேலைக் கடிதத்தையும் எனக்கு அனுப்பு, இரண்டு பேருமாக உட்கார்ந்து போனில் வரிவரியாகப் படித்துவிடலாம்.