கான்சி கொண்டுவராத இரண்டாவது பொருள்

கேள்வி: சென்ற மாதம் என் மகனை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கிருந்த சிம்பன்சி ஒன்று அவன் கையிலிருந்த தின்பண்டத்தைப் பார்த்து உள்ளங்கையை விரித்து நீட்டியது. "இதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தால் பேசுமா அம்மா?" என்று கேட்டான். குறியீடுகளைத் தொட்டுப் 'பேசிய' கான்சி என்ற குரங்கு 2025இல் இறந்ததாகப் படித்தேன். அது கற்றது மொழிதானா? மகனுக்கு நான் என்ன சொல்வது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: கான்சி, சிம்பன்சிக்கு நெருங்கிய உறவான போனபோ என்னும் வாலில்லாக் குரங்கினத்தைச் சேர்ந்தது. 1980இல் பிறந்த அதற்கு முதலில் யாரும் பாடம் நடத்தவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகர ஆய்வுக்கூடத்தில் சூ சாவேஜ்-ரம்பா என்ற ஆய்வாளர், அதன் வளர்ப்புத்தாய் மட்டாட்டாவுக்குத்தான் பலகையிலிருந்த, சொற்களைக் குறிக்கும் குறியீடுகளைக் கற்பிக்க முயன்றார். தாய்க்கு அது பிடிபடவில்லை. இனப்பெருக்கத்துக்காகத் தாயை வேறிடத்துக்குக் கொண்டுசென்ற பிறகுதான், பாடம் நடக்கும்போதெல்லாம் அருகில் விளையாடிக்கொண்டிருந்த குட்டி அவற்றைத் தானாகவே கற்றிருந்தது தெரியவந்தது. நம் பிள்ளைகளும் தாய்மொழியை இப்படித்தான், பெரியவர்கள் பேசுவதைக் கேட்டபடியே பிடித்துக்கொள்கிறார்கள்.

கான்சிக்கு எட்டு வயதானபோது, முன்பு கேட்டிராத 660 ஆங்கிலக் கட்டளைகளைச் சொல்லிச் சோதித்தார்கள். கட்டளையிடுபவரின் முகக்குறிப்பைப் பார்த்து ஊகித்துவிடாதபடி பல சோதனைகளில் அவர் மறைவாக இருந்தே பேசினார். கான்சி ஏறத்தாழ 72 விழுக்காடு சரியாகச் செய்தது. அதே சோதனைக்கு உட்பட்ட இரண்டு வயதுப் பெண்குழந்தை 66 விழுக்காடு. ஒரு பானத்தை இன்னொன்றில் ஊற்றச் சொல்லிவிட்டு, அதையே தலைகீழாக மாற்றிச் சொல்லியும் பார்த்தார்கள். தமிழில் 'பாலைத் தண்ணீரில் ஊற்று', 'தண்ணீரைப் பாலில் ஊற்று' என்று வேற்றுமை உருபு காட்டும் வேறுபாட்டை, ஆங்கிலத்தில் சொற்களின் வரிசை மட்டுமே காட்டுகிறது. அத்தகைய வேறுபாட்டையும் கான்சியால் பெரும்பாலும் உணர முடிந்தது என்பதை நான் மிகப் பெரிய செய்தியாகவே கருதுகிறேன்.

ஆனால் இரண்டு பொருள்களைச் சேர்த்து, 'இதையும் அதையும் கொண்டு வா' என்ற வகையில் கேட்டபோது, அது பலமுறை ஒன்றை மட்டுமே கொண்டுவந்தது. அந்தக் குழந்தையோ இதில் கான்சியைவிட வெகுதூரம் முன்னே இருந்தாள். சொற்கள் இரண்டும் கான்சிக்குத் தெரிந்தவைதாம். அவற்றை ஒரே தொகுதியாகக் கட்டி, அந்தத் தொகுதி முழுவதையும் ஒரு வினையோடு பொருத்தும் வேலை, தமிழில் 'உம்' என்ற ஓரசை செய்யும் வேலை, அதற்குக் கைகூடவில்லை. மொழியின் உயிர்நிலை சொல்லின் எண்ணிக்கையில் இல்லை, இந்தக் கட்டுமானத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கான்சி குறியீடுகளால் சொன்னவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஏதேனும் ஒன்றை வேண்டிச் சொன்னவையே. என் பேத்தி 14 மாதக் குழந்தையாக இருந்தபோது, சமையலறை ஜன்னல் விளிம்பில் வந்தமர்ந்த காக்கையைச் சுட்டி 'கா' என்றாள். அவளுக்குக் காக்கை வேண்டியிருக்கவில்லை. நான் காக்கையைப் பார்த்தேனா என்று என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மறுபடி 'கா' என்று சிரித்தாள். கண்டதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் இந்த ஆவல், மொழி தோன்றுவதற்கு முன்பே நம் முன்னோரிடம் வளர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

கேள்வி: குரங்குகள் பேசாததற்குத் தொண்டையின் அமைப்புதான் காரணமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். மனிதக் குழந்தையைப் போல வீட்டில் வளர்க்கப்பட்ட விக்கி என்ற சிம்பன்சி, பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகும் நான்கு சொற்களையே, அதுவும் தெளிவின்றி, உச்சரித்தது. ஆனால் மக்காக் குரங்கின் குரல்வழியை ஊடுகதிரால் படமெடுத்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, புரியும்படி பேசுவதற்குத் தேவையான உயிரொலிகளை அந்த அமைப்பால் எழுப்ப முடியும் என்று காட்டியது. ஆகவே குறை தொண்டையில் இல்லை. அதை விரும்பியபடி இயக்கும் மூளை இணைப்புகளில் இருக்கிறது.

கைகள் அப்படியல்ல. குரோம்பேட்டை வாசகி தம் மகனிடம் இதைச் சொல்லலாம்: வண்டலூரில் அவன் கண்ட அந்த விரித்த உள்ளங்கை, ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சிம்பன்சிகள் ஒன்றிடம் ஒன்று உணவில் பங்கு கேட்கும்போது காட்டும் அதே சைகைதான்.