பழைய பைல் ‘பழுது’ என்றால் உடனே காசை எடுக்காதீர்கள்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் எங்கள் சங்கத்தின் நெல் கொள்வனவுக் கணக்கு பழைய ஃபொக்ஸ்புரோ (தரவுத்தள மென்பொருள்) பைலில் கிடக்கிறது. எக்செலுக்கு எடுக்கக் குவெரி (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளை) எழுதினால், கடைசிச் சிறுபோகக் கணக்கு வரும் இடத்தில் ‘டெசிமல்’ (தசம எண்) பிழை காட்டி நிற்கிறது. பைல் பழுது, மீட்டுத்தரப் பெரிய தொகை வேண்டும் என்கிறார் கணினிக் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் இந்தப் பிழையோடு நிற்கும் பைல் பெரும்பாலும் பழுதான பைல் அல்ல. தொகை நிரலின் (கொலம்) அகலத்தைப் பாருங்கள். 8 அகலம், 2 தசமம் என்று இருந்தால், புள்ளியும் ஓர் இடம் பிடிப்பதால் 99,999.99 தான் எல்லை. கிலோ 100 ரூபாவுக்கு 1,000 கிலோ நெல் வாங்கினாலே லட்சம் வந்துவிடும். ஃபொக்ஸ்புரோ அதை மறுப்பதில்லை. சதத்தைக் குறைத்து 123456.8 என்று திணித்துக்கொள்ளும். அதற்கும் இடமில்லையென்றால் அடுக்குக்குறி வடிவில் எழுதும். அதுவும் முடியாவிட்டால்தான் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகளை நிரப்பும். பைலை வெளியிலிருந்து படித்து எக்செலுக்குத் தரும் இணைப்பு மென்பொருள் (புரொவைடர்) பைலின் தலைப்பில் உள்ள ‘8, 2’ஐ நம்பி வருவதால், மிஞ்சிய எண்ணைக் கண்டதும் நின்றுவிடுகிறது.

முதலில் பைலைக் கொப்பி எடுங்கள். பதிவுகள் உள்ள டிபிஎஃப் மட்டும் போதாது. அதே பெயரில் எஃப்பிடி (நீண்ட குறிப்புகள்), சிடிஎக்ஸ் (சுட்டி) பைல்கள் இருந்தால் அவையும் வேண்டும். குவெரியில் ‘செலக்ட்’டுக்குப் பின் நட்சத்திரம் போடாமல் நிரல்களைப் பெயர் சொல்லி எழுதி, தொகை நிரலை மட்டும் ‘காஸ்ட்’ என்ற வகை மாற்றும் கட்டளை மூலம் நியூமெரிக் 12, 2 (12 அகலம், 2 தசமம்) ஆக மாற்றுங்கள். இதற்கு விஷுவல் ஃபொக்ஸ்புரோ 9இன் ஓஎல்இ டிபி புரொவைடர் தேவை. அதே வேலைக்கான பழைய ஓடிபிசி டிரைவருக்குக் காஸ்ட் தெரியாது. அந்தப் புரொவைடர் 32 பிட்டில் மட்டும் இயங்கும். 64 பிட் எக்செல் ‘பதிவாகவில்லை’ என்று சொன்னவுடன் கணினியையே போர்மட் பண்ணக் கிளம்பும் கடைகளும் உண்டு. போர்மட் பண்ண விடாதீர்கள்.

நட்சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பைலை எழுத்தாகத் திறந்தால் சில பதிவுகளின் முதல் எழுத்தாக ஒற்றை நட்சத்திரம் தெரியும். அது பழுது அல்ல, அழிக்கப்பட்டதாகக் குறித்த பதிவு. அதைக் காட்டித்தான் ‘எத்தனை இடம் கெட்டுப்போயிருக்கு பாருங்கோ’ என்பார்கள். எண் நிரல் முழுவதும் வரிசையாக நட்சத்திரம் நிறைந்திருந்தால்தான் அந்த எண் தொலைந்தது. தொலைந்ததை எந்த மென்பொருளும் மீட்காது. கிலோவையும் விலையையும் பெருக்கி, ஈரப்பதன் கழிவைக் கழித்து, பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். ‘பேக்’ கட்டளையை மட்டும் எவரையும் போடவிடாதீர்கள். அழித்ததாகக் குறித்த பதிவுகள் அதோடு உண்மையிலேயே போய்விடும். கணக்காய்வில் அவற்றையும் கேட்பார்கள்.

திகதியில் 1899.12.30 வந்தால் அது வெற்றுத் திகதி, வேறொன்றுமில்லை.

மைக்ரோசொஃப்ட் ஃபொக்ஸ்புரோவுக்கான ஆதரவை 2015 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. மென்பொருளை எழுதிக்கொடுத்தவர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நிரல் அமைப்பை ஒரு தாளில் அச்சடித்துத் தரும்படி கேட்க எந்த மேலிடத்துக்கும் தோன்றுவதில்லை, ஆனால் அறிக்கை மட்டும் நாளைக்கே வேண்டும். அடுத்த மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தொகை நிரல் 12க்குக் குறைந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.