வாத்துக்கறியா, தொடையைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி, சமையல்காரர் பதில்

(பதில் சொல்பவர் வாலாஜாபேட்டைக்காரர். பிரான்ஸில் துலூஸ் நகரத்து உணவகங்களில் சமையல் வேலை பார்த்து ஊர் திரும்பியவர்.)

என் மகள் வேலூரில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுத் துலூஸில் வேலை பார்க்கிறாள். நானும் அவள் அப்பாவும் அங்கே போகப் போகிறோம். வாத்துக்கறிக்குப் பேர்போன ஓட்டல் ஒன்று இருக்கிறது, விலையும் அதிகமில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள். கறியை ரத்தத்தோடு வைப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என்ன சாப்பிடலாம்? பிள்ளைக்குச் செலவு வைக்கவும் மனசில்லை.
*வாசகி, ஆற்காடு*

தைரியமாகப் போய்விட்டு வாருங்கள் அம்மா. வாத்து சாப்பிட உங்கள் மகள் இருக்கும் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. பிரான்ஸின் தென்மேற்குப் பக்கம் முழுக்க வாத்துச் சமையல்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது 'கான்ஃபி த கனார்'. வாத்துத் தொடை. முதல் நாள் ராத்திரியே கல் உப்பு, பூண்டு, தைம் என்ற மூலிகை எல்லாம் தடவி வைத்துவிடுவோம். மறுநாள் உப்பைக் கழுவித் துடைத்து, வாத்துக் கொழுப்பிலேயே முழுக அமுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் சின்னத் தீயில் வைப்போம். கொழுப்பு தளதளவென்று கொதிக்கவே கூடாது. எப்போதாவது ஒரு குமிழ் வந்தால் போதும். வெந்த தொடையை அந்தக் கொழுப்புக்குள்ளேயே ஆற விட்டால் மேலே வெள்ளையாக உறைந்து காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும். ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் பண்ணைக் குடும்பங்கள் குளிர்காலத்துக்குக் கறியை இப்படித்தான் சேர்த்து வைத்தார்கள். நீங்கள் போய் உட்கார்ந்ததும் ஒரு தொடையை எடுத்து, தோல் மட்டும் முறுகும்படி சூடு காட்டித் தட்டில் வைப்பார்கள். தோல் அப்பளமாக நொறுங்கும், கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். எங்கேயும் சிவப்பு இருக்காது. உங்கள் வீட்டுக்காரருக்குக் கடிக்கிற சிரமமும் இல்லை. பக்கத்தில் வாத்துக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு, பூண்டும் பார்ஸ்லியும் தூவி வரும். அதை மட்டும் தனியாக ஒரு தட்டு சாப்பிடலாம்.

பக்கத்து வீட்டில் சொன்னது 'மாக்ரே', அதாவது நெஞ்சுக்கறி. கொழுப்புப் பக்கத்தைக் கட்டம் கட்டமாகக் கீறி, அந்தப் பக்கத்தை நன்றாக வறுத்து, கறிப் பக்கத்தைக் கொஞ்ச நேரமே சூடு காட்டுவோம். உள்ளே ரோஜா நிறத்தில் இருக்கும். கசிவது ரத்தமில்லை, கறியின் சாறு. ஓஷ் என்ற ஊரின் சமையல்காரர் ஆந்த்ரே தகேன் மாட்டுக்கறித் துண்டைப் போல இதையும் இளவேக்காட்டில் பரிமாறி நாடு முழுக்கப் பிரபலமாக்கினார். 'பியாங் குயி' என்று சொன்னால் முழுக்க வேகவைத்துத் தருவார்கள்தான். ஆனால் நெஞ்சுக்கறி அப்படி வெந்தால் இறுகிப்போகும். அதனால்தான் தொடையைக் கேளுங்கள் என்கிறேன்.

முதலில் ஏதாவது கொறிக்க வேண்டுமென்றால் 'ஜேசியே' சாலட் ஒன்று வாங்கி மூன்று பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். கொழுப்பில் வேகவைத்த வாத்து இரைப்பையை மெல்லிசாகச் சீவி, கீரைமேல் சூடாகப் போட்டு, அக்ரூட் பருப்போடு தருவார்கள். நெஞ்சு, தொடை, இரைப்பை, கொழுப்பு என்று எதையும் வீணாக்காத சமையல் இது. விலை கட்டுப்படி ஆவதும் அதனால்தான்.

'ஃபுவா க்ரா' என்ற ஈரலும் மெனு அட்டையில் இருக்கும். வாத்தின் தொண்டையில் குழாய் விட்டு மக்காச்சோளத்தைத் திணித்து ஈரலைப் பெருக்க வைப்பார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, நான் தொடுவதில்லை. நம் அரசும் 2014-ல் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. மாக்ரேயும் அந்த வாத்துகளின் நெஞ்சுதான், அந்தப் பக்கத்துத் தொடைகளும் பெரும்பாலும் அவற்றினுடையவையே. இதையும் தெரிந்துகொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

செலவுக்கு வருகிறேன். ராத்திரி போகாதீர்கள், மதியம் போங்கள். வேலை நாட்களில் இரண்டு அல்லது மூன்று பதார்த்தம் சேர்த்து ஒரே விலையில் 'ஃபோர்முல்' இருக்கும். பெரும்பாலும் 15 முதல் 25 யூரோவுக்குள் முடிந்துவிடும். 12 மணிக்குமேல் போய்விடுங்கள். 2 மணி ஆனால் நிறைய இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாக வைப்பார்கள். பாட்டிலைத் திறந்தால் அதற்குத் தனிக் காசு. ரொட்டிக்கும் காசில்லை. பரிமாறும் கூலி பில்லிலேயே அடங்கிவிடும், டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. விக்டர் ஹ்யூகோ சந்தை மாடியிலும் மதியம் மட்டும் நடக்கிற சின்ன உணவகங்கள் இருக்கின்றன. கீழே வியாபாரம், மேலே சாப்பாடு. திங்கட்கிழமை சந்தை லீவு.

எங்களைப் போன்ற முஸ்லிம்கள் அந்த வாத்துக்கறியைச் சாப்பிடலாமா? பன்றிக் கொழுப்பு சேருமா?
*வாசகர், மேல்விஷாரம்*

'கசூலே' பக்கம் போகாதீர்கள் பாய். வெள்ளை பீன்ஸோடு வாத்துத் தொடை இருக்கும், கூடவே பன்றி சாசேஜும் தோலும் சேரும். கான்ஃபியில் வழக்கமாக வாத்துக் கொழுப்புதான். ஆனால் ஹலால் என்று போர்டு இல்லாத கடையில் அறுத்த முறைக்கு உத்தரவாதமில்லை. குழம்பு வகைகளில் ஒயினும் சேர்ப்பார்கள். ஹலால் உணவகமாகவே பார்த்துப் போங்கள். துலூஸ் மாதிரி பெரிய ஊர்களில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

நம்ம ஊர் வாத்தில் கான்ஃபி செய்ய முடியுமா?
*வாசகி, காட்பாடி*

முடியும். ஆனால் அறுப்பு முடிந்த வயலெல்லாம் நடந்து மேய்ந்த வாத்து நம்முடையது. கொழுப்புக் கம்மி, நார் அதிகம். அதன் கொழுப்பு மட்டும் தொடையை மூழ்கடிக்கப் போதாது. வாசனையில்லாத எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் கறியை அமுக்கிவிடும். கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் இறக்கலாம். குக்கரில் வைத்தால் கறி வேகும், ஆனால் இந்தப் பதம் வராது. அப்புறம், கொழுப்பில் மூடியிருக்கிறதே என்று வெளியில் வைத்துவிடாதீர்கள். அது அவர்கள் ஊர்க் குளிருக்குச் சரி. வேலூர் வெயிலில் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.