போர் நினைவுச் சுவருக்குப் பழைய படங்களை எங்கே தேடுவது? கல்லில் பொறிக்க எப்படித் தயாரிப்பது?

இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களுக்காக ஹட்டன் பக்கம் கருங்கல் சுவர் எழுப்புவதாகவும், அதற்குப் பழைய படங்கள் தேவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கண்டியில் பழைய படங்களைச் சீர்செய்து கல் பொறிப்பவர்களுக்குக் கொடுப்பது என் தொழில். ஒரு படம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அதில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதில் கிடைக்காத படத்தைச் சுவரில் ஏற்றாதீர்கள்.

இலங்கை மலையகத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1914இல் எகிப்துக்குக் கப்பலேறி, 1915இல் துருக்கியின் கலிபோலி போர்முனை வரை போன தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர் ஐரோப்பியர்கள். அவர்களுடைய படங்கள் கிடைக்கும். 1944 ஏப்ரலில், தென்கிழக்காசியாவின் நேச நாட்டுப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் தம் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றிய காலத்துப் படங்களும் கிடைக்கும். தோட்டத்து மக்களைப் பெயரோடு காட்டும் படம்தான் அரிது. அந்த இடத்தை நிரப்ப, பயணிகளுக்கு விற்ற பழைய அஞ்சலட்டையிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்ணை எடுத்து, 'போர்க்காலத் தோட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவள் யாரோ ஒருவருடைய பாட்டி. படம் இல்லாதவருக்குப் பெயரை மட்டும் பெரிதாக வெட்டுங்கள்.

லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் கன்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகமும் இணையத்தில் தேட இடம் தருகின்றன. பிரித்தானிய அரசுக்காக 1957 ஜூன் 1க்கு முன் எடுத்த படங்களுக்குப் பதிப்புரிமை 50 ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆனாலும் பெரிய கோப்புக்கு அருங்காட்சியகம் கட்டணம் கேட்கலாம். கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகள் உண்டு. அவற்றைப் பெயரும் தேதியும் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். பத்திரிகைப் படம் அச்சுப் புள்ளிகளால் ஆனது; கல்லில் படம் பொறிக்கும் லேசரும் புள்ளி புள்ளியாகத்தான் பொறிக்கும். இரண்டும் மோதினால் முகத்தின் மேல் வலைபோன்ற கோடுகள் விழும்.

வீடுகளில்தான் பொக்கிஷம் இருக்கிறது. சட்டமிட்டு, பொட்டு வைத்து, மாலை போட்டிருக்கும் தாத்தாவின் சீருடைப் படம் லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டு) சுவரில் இன்னும் தொங்கலாம். நம் ஊர் ஈரத்துக்குப் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், தோல் உரிந்ததுபோல் முகமே கண்ணாடியோடு போய்விடும். வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் அவ்வாறே எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். வீட்டாரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். மங்கலையும் கறையையும் பிரித்தெடுக்க அந்த வண்ணம் உதவும். 6 சென்டிமீட்டர் அகலப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்தால், 60 சென்டிமீட்டர் கல்லில் அங்குலத்துக்கு 120 புள்ளி வரும். கூட்டப் படத்தில் முகம் கல்லில் கட்டைவிரல் நகத்தளவே வருமானால், குறைவான ஆட்களோடு உள்ள படத்தைத் தேடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். அது வரைந்து வைக்கும் கண்ணும் மூக்கும் வேறு யாருடையவோ. பேத்தி வந்து தொட்டுப் பார்க்கப்போகும் முகம் அது. கீறலை நீக்கலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், அதோடு நிறுத்துங்கள்.

கல், மணிகள் நுண்ணியதாக உள்ள கறுப்பு நிறக் கருங்கல்லாக இருக்கட்டும். லேசர் பட்ட இடம் வெளுக்கும், படாத இடம் கல்லின் கறுப்பாகவே நிற்கும். அதனால் வெளிறிய வானம் முழுவதும் பொறிக்கப்பட்டு முகத்தை அமுக்கிவிடும். வானத்தைச் சற்று இருட்டாக்குங்கள். அதே பலகையின் வெட்டுத் துண்டில் ஒரு முகத்தைப் பொறித்து, வெயிலில் ஒரு முறையும் தண்ணீர் ஊற்றி ஒரு முறையும் பாருங்கள். நனைந்த கல்லில் பொறிப்பு மங்கும். ஹட்டன் மழைக்கு, சுவரின் மேல் ஒரு சிறு கூரை நீட்டிக்கொள்ளும்படி கட்டுபவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.