காற்றில் உள்ள வாயுக்கள் எப்படி அமில மழையாக மாறுகின்றன?

சாதாரண மழைநீரே லேசான அமிலம்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பிஎச் மதிப்பு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.6 இருக்கும். அதற்கும் கீழே நன்றாக இறங்கினால்தான் அமில மழை.

நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கந்தகம் சல்பர் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. இது நேராகத் தண்ணீரில் கரைந்தால் கிடைப்பது வலுக்குறைந்த சல்பூரஸ் அமிலம் மட்டுமே. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். கந்தக அமிலமாக மாற, நடுவில் ஆக்சிஜனேற்றம், அதாவது அதனுடன் ஆக்சிஜன் சேர்வது, நடக்க வேண்டும். சூரிய ஒளியின் உதவியால் காற்றில் உருவாகும், எளிதில் வினைபுரியும் ஹைட்ராக்சில் என்ற துகள் அதைத் தொடங்கிவைக்கிறது. மேகத்துளிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறது.

அப்புறம் வண்டி எஞ்சின்கள். அந்தச் சூட்டில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து, கடைசியில் நைட்ரிக் அமிலமாகின்றன.

இதற்கெல்லாம் நேரம் பிடிப்பதால், அதற்குள் காற்று இவற்றை வெகுதூரம் கொண்டுபோய்விடுகிறது; புகையே விடாத தொலைதூர ஊர்களின் ஏரி மீன்களும் சாகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.