திருப்பும்போது டக்டக் சத்தம், இழுவையும் இல்லை: ஆக்சிலை மாற்றினால் சரியாகிவிடுமா?

13 வருடம் ஓடிய முன்சக்கர இழுவைக் கார், மேனுவல் கியர். திருப்பும்போது முன்பக்கம் டக்டக் என்று அடிக்கிறது, பிக்கப்பும் குறைந்துவிட்டது, இரண்டு பக்க ஆக்சிலையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தத்துக்காக மாற்றலாம். இழுவைக்காக மாற்றாதீர்கள்.

ஆக்சில் என்பது கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு. அதன் இரு முனையிலும் உள்ள ஜாயிண்ட் தேய்ந்தால் சத்தம் வரும், உதறல் வரும், பிக்கப் குறையாது. அது உடைந்தாலோ கழன்றாலோ வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து போகாது, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இரண்டு ஆக்சிலுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், எதிர்ப்பு இல்லாத பக்கத்தைத்தான் சுழற்றும். உடைந்த தண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்க, நல்ல பக்கத்துச் சக்கரம் அசையாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் பழைய காரிலும் இதே இரண்டு தொல்லை. ஆக்சில் மாற்றியதும் சத்தம் போனது. வண்டி மட்டும் எதையோ கட்டி இழுப்பது போலவே ஓடியது. இரண்டு வாரம் கழித்துத்தான் ஒரு முன்சக்கரம் மட்டும் கொதிப்பதைக் கவனித்தேன். பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி (பின்) துருப்பிடித்து இறுகி, பிரேக் பேட் டிஸ்க்கை விடவே இல்லை. ஆக்சில் வேலை செய்தவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். அதிகம் பிரேக் மிதிக்காமல் 10 கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டு போங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் தனியாகத் தகித்தால் ஆள் அகப்பட்டார். வண்டி ஆறிய பின் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, நியூட்ரலில் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் உடனே விட்டுக்கொடுத்தால் உள்ளே பிரஷர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். பல நேரம் பிரேக் ஹோஸ் உட்புறம் ஊதிப்போய், ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாமல் பிடித்திருக்கும். அப்படியும் விடவில்லையென்றால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது. திருகை மூடிய பிறகு பிரேக் குழாயில் புகுந்த ஏரை எடுத்துவிட மறக்காதீர்கள்.

பிரேக் சுத்தமாக இருந்தால் கிளட்ச். காலியான ரோட்டில் நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. கருகிய வாடையும் வரலாம். அதுவும் இல்லையென்றால் இன்ஜின் பக்கம் போங்கள்: ஏர் ஃபில்டர், பிளக், காயில், ஃபியூயல் ஃபில்டர். கீழ் ஆர்பிஎம்மில் நன்றாக இருந்து மேலே போனால் மூச்சு முட்டுகிறதா? பெட்ரோல் வண்டி என்றால் சைலன்சர் வரிசையில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் போட்டு 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால், அடைத்திருந்தால் முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே வரும்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். காலியான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சக்கரம் சுற்றும் தாளத்துக்கு டக்டக் என்று வந்தால் சக்கரத்தை ஒட்டிய வெளி ஜாயிண்ட். நேராகப் போய் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது உதறி, காலை எடுத்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட். ஊ என்று ஒரே சுருதியில் வேகத்தோடு ஏறினால் அது ஆக்சிலே இல்லை, வீல் பேரிங் அல்லது கோணலாகத் தேய்ந்த டயர். இடப்பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் பாரம் ஏறும் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, ஜாக்கியில் தூக்கி கியரில் ஓடவிட்டுக் கேட்காதீர்கள். ஆபத்து ஒருபக்கம், சக்கரம் தொங்கும் கோணத்தில் நல்ல ஜாயிண்ட்கூடச் சத்தம் போடும்.

காதை விடக் கண் நம்பகமானது. ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். கிழிந்தும் சத்தம் வராமல் இருந்தால் கழுவி, புது கிரீஸும் பூட்டும் போட்டுப் பிழைக்க வைக்கலாம். சத்தம் வந்த பிறகு வெறும் பூட் மாற்றுவது வீண். கிழியாத பக்கத்தை எதற்கு மாற்றுகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

மாற்றும்போது கியர் ஆயில் கொஞ்சம் கொட்டும், அளவு பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். ஆக்சில் நட் புதிதாக இருக்கட்டும், உங்கள் மாடலுக்குச் சொன்ன இறுக்க அளவில் (டார்க்) முறுக்கட்டும். அதை முறுக்கும் முன் சக்கரத்தைத் தரையில் இறக்கி உருட்டினால் நல்ல பேரிங்கும் கெடும், அப்புறம் ஊ சத்தத்துக்கு இன்னொரு கேள்வி எழுத வேண்டிவரும்.