விடுகைப் பத்திரம் கேட்டு நீங்கள் கடிதம் கொடுத்துவிட்டீர்களா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். மகனுக்கு 15 வயது, தரம் 11. வலய மட்ட உதைபந்தாட்டப் போட்டியில் இவர்களுடைய பாடசாலைப் பெடியள் பத்துப் பன்னிரண்டு பேர் தகரம் தட்டி, எதிரணியைப் பார்த்து "தோட்டக்காட்டான், திரும்பிப் போ" என்று கத்தியிருக்கிறார்கள். எதிர்ப் பாடசாலையில் படிப்பவர்களில் அநேகர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். யாரோ எடுத்த வீடியோ வட்ஸ்அப்பில் பரவ, அதில் முகம் தெரிந்த ஐந்து பேரை "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அதிபர் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார். 18 நாளாகிறது. இப்போது, விடுகைப் பத்திரம் கேட்டுப் பெற்றோர் கடிதம் தந்தால் பிரச்சினை முடியும் என்கிறார்களாம். "அவையின்ர பெடியளும் எங்கட பிள்ளைகளைத் தூஷணத்தால் பேசினவை. எல்லாரும் தமிழர்தானே, இதில் இனவாதம் எங்கே வந்தது? வழக்குப் போடலாமா?" என்று கேட்கிறார். முகப்புத்தகத்திலும் இதைப் பற்றிக் காரமாக ஒரு பதிவு போட்டிருக்கிறார்.

ஐயா, நான் தேடிய பதில் ஒன்றுதான். அது நான்கு பக்கத்திலும் இல்லை. அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் உங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. கொடுத்துவிட்டீர்கள் என்றால் அநேகமாக இல்லை.

மற்ற முறைப்பாடுகளை ஒதுக்கிவிடுங்கள். எதிர்த்தரப்பும் பேசியது என்பது வாதமல்ல. அவர்கள் தவறுக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்பதற்காக உங்கள் மகனின் தவறை நீதிமன்றம் மன்னிக்காது. பேச்சுச் சுதந்திரமும் உதவாது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை கொடுத்த அந்த உரிமையை, இன, மத ஒற்றுமையின் பொருட்டுச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று 15(2) சொல்கிறது.

"எல்லாரும் தமிழர்தானே" என்ற பேச்சைத் தயவுசெய்து எங்கும் எடுக்காதீர்கள். குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகத்தான் எண்ணிவந்திருக்கிறார்கள். 12(2) உறுப்புரை இனத்தோடு பிறப்பிடத்தையும் சேர்த்தே பாரபட்சத்தைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். 1977 கலவரத்தில் அடிபட்டு வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியிருந்த சனங்கள் அவர்கள். 2009இல் மாத்தளன் மணலில் உங்களோடு ஒரே பங்கருக்குள் கிடந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து "திரும்பிப் போ" என்றால் எங்கே போவது? உங்கள் மகன் பிழை செய்திருக்கிறான். அதை ஒப்புக்கொண்டு தொடங்கினால்தான் மற்றதைக் காப்பாற்றலாம்.

காப்பாற்ற வேண்டியது அவனுடைய படிப்பை. தண்டிக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குற்றச்சாட்டு என்னவென்று சொல்லி, பிள்ளையின் விளக்கத்தைக் கேட்டு, முடிவை எழுத்தில் தந்துதான் தண்டிக்கலாம். பாடசாலை ஒழுக்கம் பற்றிய கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை அதற்காகத்தான் இருக்கிறது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். விசாரணையும் இல்லாமல், கடிதமும் இல்லாமல், 15 வயதுப் பிள்ளையை 18 நாள் வீட்டில் இருத்திவைத்தது பிழை. அது பிழை என்று தெரிந்தபடியால்தான் உங்களிடம் கடிதம் கேட்கிறார்கள்.

இந்தக் கடிதத்தில் விழுந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் வந்தார். மகனை வேறொரு காரணத்துக்காக வெளியேற்றியிருந்தார்கள். சொப்பிங் பையில் எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்: தேர்ச்சி அறிக்கைகள், உதைபந்தாட்டச் சான்றிதழ், அமைச்சருக்கு எழுதிய மனுவின் பிரதி. அடியில் அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஓர் ஒற்றை. அவருடைய கையெழுத்தில், அலுவலகத்தில் சொல்லச் சொல்ல எழுதியது: "குடும்பச் சூழ்நிலை காரணமாக எனது சுயவிருப்பின் பேரில் மகனை விலக்கிக்கொள்கிறேன்." அவருக்கு அப்படி ஒரு குடும்பச் சூழ்நிலையே இல்லை. வழக்குப் போட்டபோது, எதிர்மனுதாரர்களான பாடசாலைத் தரப்பு முதல் ஆவணமாகக் காட்டியது அந்த ஒற்றையைத்தான். வெளியேற்றவில்லை, தாயே கேட்டு வாங்கினார் என்றார்கள். வற்புறுத்தி எழுதவைத்தார்கள் என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. பெடியன் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் சாதாரண தரம் எடுத்தான்.

ஆகவே எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், "வற்புறுத்தலின் பேரில் தந்தேன், மீளப்பெறுகிறேன்" என்று இன்றைக்கே அதிபருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமை கழித்து அனுப்பினால் அது யோசித்துச் சோடித்த கதையாகத் தெரியும்.

அடுத்த கிடங்கு நாள்கணக்கு. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நம் ஆட்கள் அந்த மாதத்தை வலயம், மாகாணம், பாராளுமன்ற உறுப்பினர் என்று அலைந்து தீர்த்துவிடுகிறார்கள். தகவல் அறியும் உரிமையில் விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து நாளைத் தொலைத்தவர்களும் உண்டு. வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13(1)). ஆனால் முறைப்பாட்டு இலக்கம் எழுதிய சிட்டையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். விசாரணை உண்மையில் நடக்கிறது என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டிவரும். மாகாணப் பாடசாலை என்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது அதிபரின் முடிவை இரத்துச் செய்யும் உத்தரவு, கேட்கும் வழியும் இருக்கிறது. அதற்கும் தாமதிக்கக் கூடாது.

முகப்புத்தகப் பதிவை இப்போதே எடுத்துவிடுங்கள். இன வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனை) சட்டத்தின் 3ஆம் பிரிவில் 10 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். மைதானத்தில் கத்திய பதினைந்து வயதுப் பிள்ளையை விட, வீட்டில் இருந்து யோசித்து எழுதிய தகப்பன் மீது பொலிஸின் கண் முதலில் விழும்.

வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். போடலாம். ஆனால் போட வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. உயர் நீதிமன்றத்தில் உங்கள் மனு முடியும்போது மகன் உயர்தரமும் எழுதி முடித்திருப்பான், அல்லது எதையும் எழுதாமல் விட்டிருப்பான். ஐந்து பெற்றோரும் சேர்ந்து வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். பிள்ளைகள் அந்தப் பாடசாலைக்கே போய், அந்த அணியின் முன்னால் நின்று வாயால் மன்னிப்புக் கேட்கட்டும். உள்ளே ஏதாவது தண்டனை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிலுக்கு நீங்கள் கேட்க வேண்டியவை: திங்கட்கிழமையே வகுப்பில் இருத்த வேண்டும், பாடசாலைப் பரீட்சார்த்தியாகவே விண்ணப்பம் போக வேண்டும், நற்சான்றிதழில் இந்த விடயம் ஏறக்கூடாது. இதைப் பணிமனை எழுத்தில் தர வேண்டும். மன்னிப்பை எழுதியும் தா என்றால், சொன்ன வார்த்தை மனதைப் புண்படுத்தியது, வருந்துகிறேன் என்ற அளவில் நிறுத்துங்கள். மற்றப் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம், "இனவெறியைத் தூண்டினேன்" போன்ற சொல்லும் வேண்டாம். அந்தத் தாள் பிறகு எந்த மேசைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்றைக்கு 18ஆம் நாள். 22ஆம் நாள் வரை சமரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சரிவரவில்லை என்றால் அன்றைக்கே, கையில் உள்ள அத்தனை தாளோடும் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கொழும்பில் மனுவைத் தயாரித்துத் தாக்கல் செய்ய ஒரு கிழமையாவது வேண்டும்.